பாதுகாப்புக்கு எடுத்து வைச்ச பாஸ்போர்ட்

ராசா,

நீ தேடுற பாஸ்போர்ட் என்னட்டைத்தான் இருக்குது. துலையேல்லை. பஸ்ஸிலை ஒருத்தரும் களவெடுக்கேல்லை. செவ்வாய்க்கிழமை நீ குளிக்கப் போன நேரம் உன்ரை பையுக்குள்ளை கையை விட்டு நான்தான் எடுத்தனான். இதை முதலே எழுதிப்போடோணும். இல்லாட்டி நாலு பக்கம் சுத்தி வளைச்சுப்போட்டுக் கடைசியிலை சொல்லாமலே விட்டிடுவன். என்னை எனக்குத் தெரியும்.

சுகம் விசாரிச்சுத் தொடங்கிற கடிதமில்லை இது. பலெர்மோவிலை, ஸீசாப் பக்கத்து இந்த ரெண்டு அறை வீட்டுக்குள்ளை ஒரு கக்கூசுக்கு முறை வைச்சுப் போற ரெண்டு பேருக்கு அது என்னத்துக்கு? வாயாலை சொல்லலாம்தான். சொன்னால் நீ "பாஸ்தா மம்மா, காணும்" எண்டு கையை விரிப்பாய், நான் அகப்பையைத் தூக்குவன், பேந்து கீழ்வீட்டு சிஞ்ஞோரா தடியாலை முகட்டிலை இடிப்பா. அதாலைதான் எழுதுறன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஆறுதலாய் வாசி. காலமை எட்டு மணிக்கு நீ குவெஸ்தூராவுக்கு, அந்தப் பொலிஸ் கந்தோருக்கு, வெளிக்கிட்டனீ, பாஸ்போர்ட் துலைஞ்சு போச்செண்டு எழுதிக் குடுக்க. அங்கத்தை வரிசை எனக்குத் தெரியாததே? இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோத் தாளுக்கு எத்தினை விடியக்காலமை அந்த மதிலோடை சாய்ஞ்சு நிண்டிருப்பன். ஒரு மணிக்கு முன்னம் உன்ரை முறை வராது. எழுதி முடிச்சு, ஒரு தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டு, ஃபோன் எடுத்து "திரும்பி வா மோனை, கிடைச்சிட்டுது" எண்டு சொல்ல நேரமிருக்குது. சொல்லுறதோ விடுறதோ எண்டுதான் இன்னும் எனக்கு முடிவில்லை.

சனிக்கிழமை உனக்குப் பிளேன். வளைகுடாவிலை எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆக்களைப் பிடிச்சுக் குடுக்கிற கொம்பனி ஒண்டிலை, அந்த ஆக்களின்ரை பத்திரங்களைப் பார்க்கிற வேலை. குளிரூட்டின கந்தோர், கதிரை, உன்ரை பேர் எழுதின கதவு. சனிக்கிழமை போய் இறங்காட்டி அந்தக் கதிரைக்கு வேறை ஆளைப் போடுவினம் எண்டு நீயே சொன்னனீ. ஆனபடியால் நான் இன்னும் ரெண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் காணும், நீ போகமாட்டாய். அவ்வளவு லேசு. அது அவ்வளவு லேசாய் இருக்கிறதுதான் எனக்குப் பயம்.

நீ ஏன் போறாய் எண்டு விளங்காத விசரியில்லை நான். யூனிவர்சிட்டிப் பட்டத்தைச் சுவரிலை கொழுவிப்போட்டு மூண்டு வருஷமாய் வியா மக்வேதா ரோட்டிலை முதுகிலை அந்தப் பெரிய சதுரப் பையோடை சைக்கிள் ஓடுறாய். மழைக்கும் சாப்பாடு, வெயிலுக்கும் சாப்பாடு, ஆரோ ஒருத்தன்ரை மூண்டாம் மாடிக்குக் கொண்டே குடுக்க. ஒண்டு சொல்லவோ? போன மாரியிலை ஒருநாள் நான் வேலைக்குப் போற வீட்டு வயசுபோன சிஞ்ஞோராவின்ரை கையைப் பிடிச்சு நடத்திக்கொண்டு வரேக்கை அங்கை உன்னைக் கண்டனான். தலையெல்லாம் நனைஞ்சு, பெல் அடிச்சுப்போட்டு நிண்டனீ. நான் காணாத மாதிரி ஒரு சப்பாத்துக் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன். அந்த மனிசிக்கு "இதுதான் என்ரை மகன்" எண்டு சொல்ல எனக்கு வெக்கமாய் இருந்தது. பெத்த பிள்ளையை நினைச்சு வெக்கப்பட்ட பாவத்துக்கு எந்தச் சுவாமியாரிட்டையும் இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை.

அப்பிடிப்பட்ட நான், உனக்கு வேலை கிடைச்சதெண்டு சொன்ன அண்டு துள்ளியிருக்கோணும். துள்ளினனான்தான். பிட்டும் மீனும் வைச்சுத் தந்தனான். சாப்பிட்டுக்கொண்டே நீ ஃபோனிலை வேலைப் பத்திரத்தைக் காட்டி ஒவ்வொண்டாய் விளங்கப்படுத்தினாய். தொழிலாளியின்ரை பாஸ்போர்ட் "பாதுகாப்புக்காக" கொம்பனியிட்டை இருக்கும். அவன் வேறை வேலைக்குப் போறதெண்டால், நாட்டை விட்டு வெளிக்கிடுறதெண்டால், "ஆட்சேபணை இல்லை" எண்டு கொம்பனி ஒரு கடிதம் குடுக்கோணும். அந்தக் கடிதத்தை அடிக்கிறது நீ. "பாஸ்போர்ட் எல்லாம் வைச்சுப் பூட்டுற மேசை லாச்சித் திறப்பு என்ரை கையிலைதான் அம்மா" எண்டு சிரிச்சாய். உனக்கு அது ஒரு வேலை. எனக்கு அது சின்ன வயசிலையே கேட்டுக் கேட்டுப் பாடமான கதை.

உன்ரை அம்மப்பா, நான் ஐயா எண்டு கூப்பிட்ட மனிசன், ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோடை ஊர்காவற்துறையிலையிருந்து பம்பாய் போய், அங்கையிருந்து கப்பலேறி அந்தக் கரைக்குத்தான் போனவர். எண்ணெய் வெளிக்கிடத் தொடங்கின காலம். ஷேக்மார் இருந்தவை, கொடியிருந்தது, அரண்மனை இருந்தது. எண்டாலும் எந்தக் கொம்பனி வந்து தோண்டலாம், எது வரக்கூடாது எண்டு கடற்கரைப் பங்களாவிலை இருந்த பிரிட்டிஷ் ஏஜெண்ட் துரையைக் கேக்காமல் ஷேக் ஒரு கையெழுத்தும் வைக்கேலாதாம். ஷேக் தன்ரை சனத்துக்குத் தீர்ப்புச் சொல்லலாம். வெளியிலையிருந்து வேலைக்கு வந்த ஆக்களுக்குத் தீர்ப்புச் சொல்லுறது துரை. ஒரே ஊர், ஒரே வெயில், ரெண்டு சட்டம். முந்தி முத்துக்குளிச்ச உள்ளூர்ச் சனம் கிணத்தடியிலை குழாய் சுமந்தது. இந்தியாக்காரரும் எங்கடை ஆக்களும் மேசையடியிலை. வெள்ளைக்காரருக்கு ஐஸ் போட்ட தண்ணி, மற்றவைக்குத் தகரத் தாங்கித் தண்ணி. இதெல்லாம் ஐயா குறையாய்ச் சொல்லேல்லை, மழை பெய்யும் வெயில் எறிக்கும் எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னவர்.

வெளியாள் ஒருத்தன் அங்கை காலடி வைக்கோணுமெண்டால் கொம்பனி கேட்டு, துரையின்ரை கந்தோர் "ஆட்சேபணை இல்லை" எண்டு ஒரு தாள் குடுக்கோணும். தாள் அந்த மனிசன்ரை பேரிலை இருந்தாலும் ஆள் கொம்பனிக்குச் சொந்தம். வேலையை விட்டால் தாள் செல்லாது, தாள் செல்லாட்டி ஊருக்குத் திருப்பிக் கப்பல். ஐயா கொம்பனியிலை ஆக்களின்ரை விஷயம் பார்க்கிற கந்தோரிலை கிளாக்கர். வந்திறங்கிற ஒவ்வொருத்தன்ரை பாஸ்போர்ட்டையும் வாங்கி, நம்பர் போட்டு, லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டுறது அவற்றை வேலை. திறப்பு அவற்றை இடுப்பிலை. "என்ரை காலத்திலை ஒரு பாஸ்போர்ட் துலைஞ்சதில்லை" எண்டு சாகுமட்டும் சொன்னவர். அதிலை அவருக்கு அவ்வளவு பெருமை. நாங்களும் பிள்ளையள் வாயைப் பிளந்து கேப்பம்.

மரியதாஸ் எண்டு ஒரு ஃபிட்டர், நாகபட்டினத்து ஆள். ஐயாவோடை ஒரே அறையிலை படுத்து, ஒரே சட்டியிலை சாப்பிட்டவர். பக்கத்துச் சீமையிலை புதுக்கிணறு தோண்டுறாங்கள், அங்கை போகப்போறன், என்ரை பாஸ்போர்ட்டைத் தாடாப்பா எண்டு கேட்டாராம். ஐயா குடுக்கேல்லை. "துரை சொன்னால் தருவன்." பேந்து ஒரு கோடைக்குத் தண்ணி சரியில்லை எண்டு ஆக்கள் வேலைக்குப் போகாமல் குந்தினவை. முன்னுக்கு நிண்டது ஆரார் எண்டு கொம்பனிக்காரர் பேர் கேட்டிச்சினம். ஐயா பேரெல்லாம் தட்டச்சிலை அடிச்சுக் குடுத்தார். மரியதாஸின்ரை பேரும் அதிலை. ஏஜெண்ட் துரை தாளைத் திருப்பி வாங்கினார், ஆக்களைக் கப்பலிலை ஏத்தியாச்சு. "கப்பலேறேக்கைகூட அவன்ரை கையிலை பாஸ்போர்ட்டைக் குடுக்கேல்லை, கப்டன்ரை கையிலை குடுத்துக் கையெழுத்து வாங்கினனான், நானே ஆள்!" எண்டு ஐயா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்லுவார். நாங்கள் சிரிச்சனாங்கள் ராசா. அந்த மரியதாஸ் ஊருக்குப் போய் என்ன செய்தார், பெண்டில் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொன்னார் எண்டு எங்களிலை ஒருத்தரும் ஒருநாளும் கேக்கேல்லை. ஐயா கெட்டவரில்லை. ஒரு கெட்டவரை உனக்குக் காட்டக்கூடியதாய் இருந்தால் எனக்கு எவ்வளவு லேசாய் இருக்கும்.

இதைச் சொன்னதுக்கு நீ என்ன சொன்னனீ? "அது வெள்ளைக்காரன் காலம் மம்மா, இப்ப அது அவையின்ரை நாடு, அவையின்ரை சட்டம். பாஸ்போர்ட் வாங்கி வைக்கக்கூடாதெண்டு சட்டமே இருக்குது, ஆக்கள் தாங்களாய்க் கையெழுத்து வைச்சுத்தான் தருகினம்." தாங்களாய்! துரைமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு போச்சினம், பங்களாவிலை கொடி இறங்கிச்சுது, அவை அடிச்சு வைச்ச தாள் மட்டும் அப்பிடியே கிடக்குது. எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னம் ஐயா தட்டச்சிலை அடிச்ச அதே சொல்லை நீ கம்ப்யூட்டரிலை அடிக்கப்போறாய். அப்ப சிரிச்ச நான் இப்ப என்ன வாயாலை உன்னைத் தடுக்கிறது எண்டும் யோசிச்சன்.

தடுக்க எனக்கு வாயில்லாததுக்கு ஐயா மட்டும் காரணமில்லை. கேள். நான் பலெர்மோவுக்கு வந்த முதல் வருஷம், என்ரை முதல் சிஞ்ஞோரா என்ரை பாஸ்போர்ட்டை வாங்கி வெள்ளிக் கரண்டி வைக்கிற லாச்சிக்குள்ளை வைச்சவ. பாதுகாப்புக்கு எண்டுதான் அவவும் சொன்னா. எட்டு மாசம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பஸ்ஸிலை போகேக்கை பொலிஸ் ஏறினால் மற்றக் கதவாலை இறங்கிடுவன். ஒருக்கால் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்டன். "ஏன், எங்கை போகப்போறாய்?" எண்டா. எங்கையும் போறதுக்கில்லை. அது என்னட்டை இருக்கோணும், அவ்வளவுதான். அதைச் சொல்ல இத்தாலியன் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டன். குசினிக்குள்ளை போய்ப் பானையைத் தேய் தேயெண்டு தேய்ச்சன். அந்த மனிசியை நான் கும்பிட்ட கையாலை சபிச்சிருக்கிறன்.

அப்பிடிச் சபிச்ச நான் என்ன செய்தனான்? உனக்கு ஆறு வயசு, மன்னாரிலையிருந்து ஜெசிந்தா வந்தா. ஓம், பிரான்காச்சோவிலை இருக்கிற அதே ஜெசிந்தா அன்ரிதான், உனக்கு முதல் நன்மைக்குச் செபமாலை வாங்கித் தந்தவ. அப்ப நான் வேலை செய்த சிஞ்ஞோராவின்ரை மச்சாள் வீட்டிலை அவவை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான். "நீதான் பிணை" எண்டு அந்த மச்சாள் விரலை நீட்டிச் சொன்னவ. எங்கடை ஆக்களுக்குள்ளை அது ஒரு வழக்கம், கூப்பிட்டுவிட்ட ஆள் வந்த ஆளுக்குப் பொறுப்பு. ஜெசிந்தா இடையிலை விட்டிட்டு ஓடினால் என்ரை பேர் கெட்டுப்போம். அதாலை அவவின்ரை பாஸ்போர்ட்டை வாங்கி என்ரை அலுமாரியிலை சீலையளுக்குக் கீழை வைச்சன். "பாதுகாப்புக்குப் பிள்ளை" எண்டன். தனக்குத் தனக்கெண்டால் சுளகும் படக்குப் படக்கெண்ணுமாம். என்ரை பாஸ்போர்ட்டுக்குத் துடிச்ச நெஞ்சு அவளின்ரைக்கு ஒரு துடிப்பும் துடிக்கேல்லை.

மார்கழி மாசம், நத்தார்ப் பண்டிகைக்கு ரெண்டு கிழமை இருக்கேக்கை ஜெசிந்தா ஓடி வந்தாள். தாய்க்கு வருத்தம் கடுமையாம், போகோணுமாம். நான் நல்லவள் மாதிரிக் கையைப் பிடிச்சு இருத்தி, தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச் சொன்னன், "நத்தார் முடியட்டும் பிள்ளை, அவைக்கு வீடு நிறைய ஆக்கள் வருவினம், இந்த நேரம் விட்டிட்டுப் போனால் என்ரை முகத்திலை முழிக்கமாட்டினம்." அவள் தேத்தண்ணியைக் குடிச்சு, கோப்பையைக் கழுவியும் வைச்சிட்டுப் போனாள். நத்தார் முடிஞ்ச மற்ற நாள் பாஸ்போர்ட்டைக் கொண்டே குடுத்தன். வாங்கி மேசையிலை வைச்சுப்போட்டு, "அம்மாவை நேற்று அடக்கம் செய்தாச்சாம் அக்கா" எண்டாள். இண்டைக்கும் பூசையிலை சமாதானம் சொல்லேக்கை எனக்குக் கை தாறாள், இண்டைக்கும் அக்கா எண்டுதான் கூப்பிடுறாள். ஒருக்கால் என்னை ஏசிப் பேசியிருந்தால், செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தால், நான் நித்திரை கொள்ளுவன்.

இதைத்தான் உனக்குச் சொல்ல நினைச்சன். அந்தக் கதிரையிலை குந்திறவன் கெட்டவனாய் இருக்கத் தேவையில்லை. திறப்பு கையிலை வந்தால் காணும். ஆரோ ஒருத்தன் வந்து என்ரை தாய்க்குக் கடுமை எண்டு நிப்பான், உனக்கு மேலை ஒருத்தன் இந்த மாசம் ஏலாது எண்டுவான், நீ நல்ல பிள்ளையாய் அவனை இருத்தித் தேத்தண்ணி குடுப்பாய். அதை யோசிச்சு யோசிச்சுத்தான் செவ்வாய்க்கிழமை உன்ரை பையுக்குள்ளை கையை விட்டனான். பிள்ளையைப் பாதுகாக்கிறன் எண்டு நினைச்சன். பார், எனக்கு வேறை சொல்லே வருகுதில்லை.

நேற்று நீ மெத்தையைப் பிரட்டினாய், குப்பைப் பையைக் கொட்டினாய். நானும் உன்னோடை சேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு தேடினன். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறதெண்டு சொல்லுவினம், நான் மறைச்சது என்ரை சட்டைக்குள்ளை. "அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து, துலைஞ்சதெல்லாம் அவர் எடுத்துத் தருவார்" எண்டு நான்தான் சொன்னனான். மாதா கோயில் பக்கமே வராத நீ, கொளுத்தினாய். பேந்து நிலத்திலை இருந்து, இருபத்தொன்பது வயசு ஆம்பிளை, முழங்காலிலை முகத்தை வைச்சு அழுதாய். அந்த அழுகையை நான் எட்டு மாசம் அந்த சிஞ்ஞோராவின்ரை குசினியிலை அழுதனான். உன்னைக் காப்பாத்த வெளிக்கிட்டு, ஐயா செய்ததையே நான் உனக்குச் செய்துபோட்டன்.

குடுக்காட்டி நானும் அந்த லாச்சிதான். குடுத்தால் உன்னை அந்த லாச்சிக்கு நானே அனுப்புறன். ரெண்டிலையும் நல்லது ஒண்டுமில்லை, ரெண்டையும் நிறுத்துப் பார்த்திட்டன். எண்டாலும் அது உன்ரை. நீ போய் என்னவாய் வந்தாலும் அது உன்ரை. இந்த வரியோடை நிப்பாட்டிப்போட்டு உனக்கு ஃபோன் எடுக்கப்போறன். மணி பத்தரையும் ஆகேல்லை, வரிசையிலை நீ பாதி தூரமும் வந்திருக்கமாட்டாய்.

இவ்வளவும் எழுதி ஃபோனைக் கையிலை எடுக்க, நீயே எடுத்திட்டாய்.

நீ போன அலுவல் ஒம்பது மணிக்கே முடிஞ்சு போச்சாம். இத்தாலிக்காரருக்கு வேறை கவுண்டராம், வரிசையே இல்லையாம், பத்து நிமிஷமாம். எனக்குத் தெரியாது ராசா. நான் நிண்டதெல்லாம் மற்றப் பக்கத்து வரிசை. போன வருஷம் நீ முனிசிப்பாலிட்டியிலை கையை உயர்த்திச் சத்தியம் செய்து இத்தாலிக்காரனானதை நான் படமும் எடுத்தனான், எண்டாலும் என்ரை மண்டைக்குள்ளை நீ இன்னும் என்னோடை அந்த மதிலடியிலைதான் நிண்டாய். துலைஞ்சதெண்டு பதிஞ்சாச்சாம். பழையது இனிக் கண்டெடுத்தாலும் செல்லாதாம். புதுசு எடுக்கக் கிழமைக்கணக்காகுமாம். கொம்பனிக்கும் கதைச்சிட்டாய், அவை மரியாதையாய்த்தான் கதைச்சவையாம், வேறை ஆளைப் போடுகினமாம். ஆற்றையோ ஒரு பிள்ளை சனிக்கிழமை அந்தக் கதிரையிலை குந்தும். லாச்சிக்குள்ளை பாஸ்போர்ட் கிடக்கிற ஒருத்தனுக்கும் என்னாலை ஒரு பிரயோசனமும் இல்லை.

உனக்கு ஒம்பது மணிக்கு முன்னம் ஃபோன் எடுத்திருக்கலாம். எழுதி முடியட்டும் எண்டு இருந்திட்டன்.

ஃபோனிலை நான் அழுதது உனக்காக எண்டு நினைச்சாய். "அழாதேங்கோ அம்மா, நீங்கள் என்ன செய்யிறது, உங்களிலை என்ன பிழை" எண்டு சொல்லி, வரேக்கை பாண் வாங்கி வரவோ எண்டும் கேட்டாய். நான் ஓம் எண்டன்.

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போட்டால் உனக்கு ஒருநாளும் தெரியவராது. கிழிக்கேல்லை. பாஸ்போர்ட்டையும் இதையும் மேசையிலை வைச்சுப்போட்டு, மற்றக் கதிரையிலை இருக்கிறன். ஜெசிந்தா பேசாமல் விட்ட பேச்செல்லாம் சேர்த்து நீ பேசு. இந்த முறை நான் தேத்தண்ணி போடமாட்டன்.

அம்மா